விரல் நுனியில் பட்ட பந்து

வவுனியாவில் நடந்த ஒரு மாகாண மட்டக் கரப்பந்தாட்டப் போட்டி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள். வெற்றியை முடிவுசெய்கிற மூன்றாவது செற், 13க்கு 13. இதை எங்கிருந்து எழுதத் தொடங்கினாலும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கப்போகிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எதிரணியின் இடதுபக்கத்தில் ஒரு பிள்ளை, நல்ல உயரம், அன்றைக்கு அவளை ஒருவராலும் மறிக்க முடியவில்லை. பந்து அவளுக்குத்தான் போகும் என்று மைதானத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். போனது. அடித்தாள். எங்கள் 7ஆம் இலக்கப் பிள்ளை வலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து எழும்பினாள். பந்து அவளுடைய வலது கைச் சின்னிவிரலை உரசிக்கொண்டு பின்கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

உரசியது எனக்குத் தெரியும். உரசினால் புள்ளி அவர்களுக்கு. பயிற்றுவிப்பாளராக வாங்கில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. நகத்தால் துணியைச் சுண்டினால் வருமே, அந்த அளவு சத்தம். கோட்டு நடுவர் அதைக் கண்டிருந்தால் கொடியை உயர்த்தி, அதன் நுனியை மற்றக் கையால் தொட்டுக் காட்டியிருப்பார். காட்டவில்லை. மேலே நின்ற முதலாம் நடுவர் விசிலை ஊதி, முழங்கைகளை மடித்து, உள்ளங்கைகளைத் தன் பக்கம் திருப்பி உயர்த்தினார். பந்து வெளியே, புள்ளி எங்களுக்கு. அடித்த பிள்ளை தன் சின்னிவிரலைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னாள். அவர்களுடைய தலைவி போய்க் கேட்டாள். நடுவர் தலையை ஆட்டி மறுத்தார். அந்த நேரம் எங்கள் 7ஆம் இலக்கம் தன் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் மடியில் இருந்த வலது கையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையைக் கீழே அமர்த்தினேன். கோயிலில் சத்தம் போடுகிற பிள்ளையை அடக்குவோமே, அப்படி. ஒரு செக்கன்கூட இருக்காது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். அவள் திரும்பித் தன் இடத்தில் போய் நின்றாள். 14க்கு 13. அடுத்த பந்தை எதிரணி வலையில் அடித்தது. நாங்கள் வென்றோம்.

அந்தக் கை அசைவு இரண்டு வருடமாக என்னோடு இருக்கிறது.

மேடையில் சொல்வது

திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டு. கிளிநொச்சியில் இறங்கித் தேத்தண்ணியும் ரோல்ஸும். ஆனையிறவு தாண்டும்போது கடல்நீரேரிக் காற்று ஜன்னலால் அடிக்க, பிள்ளைகள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. 7ஆம் இலக்கம் மட்டும் முழித்திருந்தாள். நான் அவளோடு கதைக்கவில்லை. வெற்றி வந்த அன்றைக்கு ஏன் அதைக் கிளறுவான் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அணிக்கு மாலை போட்டார்கள். பாராட்டிப் பேசியவர் விளையாட்டு உடலை மட்டும் வளர்ப்பதில்லை, ஒழுக்கத்தையும் நேர்மையையும் வளர்க்கிறது என்றார். நான் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வசனத்தை யாழ்ப்பாணத்தில் கேட்காதவர்கள் இல்லை. தைப்பொங்கல் கழிந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். இல்லங்களை அலங்கரிக்க இரவிரவாகப் பனையோலையும் கடதாசியும் வெட்டுவோம். அணிநடை, ஒலிம்பிக் சுடர், பிறகு ஒரு மாணவத் தலைவர் வந்து கையை நீட்டிச் சத்தியப்பிரமாணம் செய்வார்: விதிகளை மதிப்போம், நடுவரின் தீர்ப்பை ஏற்போம், உண்மையான விளையாட்டு வீரருக்குரிய மனத்தோடு பங்குபற்றுவோம். பிரதம விருந்தினர் எழும்பி அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார். ஆடுகளத்தில்தான் குணம் உருவாகிறது என்கிற நம்பிக்கை எங்களுக்கு மிஷன் பாடசாலைகளோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள் அதை ஒரு மதம் மாதிரியே வைத்திருந்தன. இல்ல முறையும் துடுப்பாட்டமும் அந்த நம்பிக்கையோடு சேர்ந்தே வந்து இறங்கின. பிறகு சைவப் பாடசாலைகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடுகிற 'வடக்கின் பெரும் போர்' துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. நூற்றிருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊர் அந்த நம்பிக்கையைக் கொண்டாடி வருகிறது. நானும் நம்புகிறவள்தான். நம்பாவிட்டால் இந்த வேலைக்கு வந்திருக்கமாட்டேன்.

ஆனால் மைதானம் தானாக நல்லதைக் கற்பிக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் பிள்ளைகளுக்கு நானே கரப்பந்தாட்ட விதிகளைப் படிப்பிக்கிறேன். அதில் 20ஆவது விதி ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றியது. நடுவரின் தீர்ப்பை வாதிடாமல் ஏற்கவேண்டும் என்று அது சொல்வது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் பரீட்சைக்கு வரும். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்றும் இருக்கிறது: நடுவரின் தீர்ப்பைத் திருப்பப் பார்க்கிற, அல்லது தங்கள் அணி செய்த தவறை மறைக்கிற எந்தச் செயலும் பாவனையும் கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதியது என் வலது கை. வவுனியாவில் கீழே அமர்த்தியதும் அதே கை.

விசில் அடிக்கேல்லைத்தானே

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாளில் நான் அதை மறந்துவிட்டேன். மறக்க முடிந்ததுதான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது. தேசிய மட்டத்தில் முதற்சுற்றோடு வெளியேறினோம். வருடம் முடிந்தது. சான்றிதழ்கள் வந்தன.

எட்டு மாதம் கழித்து ஒரு பின்னேரப் பயிற்சி. எங்கள் மைதானம் செம்மண். பின்னேரம் நாலரைக்கு வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் வலை கட்டுவோம். ஆறு மணிக்கு அவிழ்த்துவிடவேண்டும். ரியூசன் இருக்கும், இருட்டுப்பட முன் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் எங்களுக்குச் சொத்து. அன்றைக்குப் பெரிய பிள்ளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் கலந்து இரண்டு அணியாக ஆடவிட்டு நான் ஓரமாக நின்று புள்ளிக் கொப்பி எழுதிக்கொண்டிருந்தேன். 7ஆம் இலக்கம் அடித்து இறங்கும்போது அவளுடைய முன்கை வலையில் மோதியது. வலை முழுக்க ஆடியது. எதிர்ப்பக்கம் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, 11ஆம் இலக்கம், அந்த வருடம்தான் அணிக்கு வந்தவள், "அக்கா, உங்கட கை வலையிலை பட்டது" என்றாள். 7ஆம் இலக்கம் பந்தைக் கேட்டுக் கையை நீட்டினாள். சின்னவள் பந்தைக் கொடுக்கவில்லை. "பட்டது அக்கா, வலை ஆடினது." கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. 7ஆம் இலக்கம் என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, எரிச்சலுமில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல்.

"விசில் அடிக்கேல்லைத்தானே ரீச்சர்?"

என் கொப்பியில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. 8க்கு 6 என்று எழுதி, அதற்குக் கீழே பேனை இழுபட்ட ஒரு கோடு. அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. விசில் அடிக்கவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பாடத்தை அவள் படித்தது என்னிடம். வவுனியாவில் ஒரு செக்கனில் படிப்பித்தது, ஐந்து வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததைவிட நன்றாகப் பதிந்திருக்கிறது. இப்போது அது அவளிடமிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் போகப்போகிறது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

அன்றைக்கு நான் செய்தது ஒன்றுமில்லை. புள்ளியைச் சின்னவளுக்குக் கொடுத்து, விளையாடச் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடுப்பில் பட்டால்

இரவு நித்திரை வராமல் கிடந்தபோது ஞாபகம் வந்தது கரப்பந்தாட்டம் அல்ல, தாச்சி. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தம் நெருங்கி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. மீசாலைப் பக்கம் ஒரு தென்னங்காணியில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். பள்ளிக்கூடம் இல்லை, லைற் இல்லை, பெரியவர்கள் எல்லாரும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் நாங்கள் சாம்பலால் கோடு போட்டுத் தாச்சி விளையாடினோம். கோட்டுக்கு ஒருவர் மறித்து நிற்க, மற்ற அணி ஒவ்வொரு கோடாகத் தாண்டிப்போய்த் திரும்பி வரவேண்டும். மறிக்கிறவர் தொட்டால் ஆட்டம் போச்சு. ஆறு குடும்பமும் ஆறு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி. முதல் நாள் விளையாட்டே நடக்கவில்லை, உடுப்பில் பட்டால் பட்டதா இல்லையா என்று சண்டைதான். எங்கள் ஊரில் பாவாடை நுனியில் பட்டால் கணக்கில்லை. இன்னொரு ஊர்ப் பிள்ளைகள், உடுப்பும் உடம்புதான், பட்டால் பட்டதுதான் என்றார்கள். கடைசியில் உடுப்பும் கணக்கு என்று முடிவானது.

அடுத்த நாள் கோடு தாண்டி ஓடிய ஒரு பெட்டை பாதி வழியில் தானாக நின்றாள். மறித்தவனுக்கே தெரியவில்லை. "என்ர சட்டையிலை பட்டது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தென்னையில் சாய்ந்து நின்றாள். அவள் உடுப்புக் கணக்கில்லை என்று முதல் நாள் கத்தினவர்களில் ஒருத்தி. அவளை யாரும் பாராட்டவில்லை. பாராட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அப்படிச் சொல்லாவிட்டால் தாச்சியே இல்லை. அங்கே நடுவர் கிடையாது. பட்டவர் பட்டது என்று சொன்னால்தான் அடுத்த ஆட்டம். பொய் சொல்கிறவரை இரண்டு தரம் பொறுப்பார்கள், மூன்றாம் தரம் "உன்னோடை விளையாட்டில்லை" என்று கோட்டை அழித்துவிடுவார்கள். அந்தத் தென்னங்காணியில் பின்னேரம் விளையாட்டும் இல்லையென்றால் எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

அடுத்த வருடம் சித்திரை மட்டில் ஊர் திரும்பினோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட நான் பிறகு காணவில்லை.

அந்த இரவில் எனக்கு விளங்கியது இதுதான். நாங்கள் பிள்ளைகளுக்கு நல்ல வலை, நல்ல பந்து, பயிற்றுவிப்பாளர், நடுவர், கோட்டு நடுவர் எல்லாம் கொடுத்தோம். கொடுக்கத்தான் வேண்டும். 1991இல் இருந்து கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டு. ஆவரங்கால், புத்தூர்ப் பக்கம் போனால் சனசமூக நிலைய வளவுக்குள்ளேயே வலை கட்டியிருக்கும். ஆனால் விசிலைக் கொடுத்த அன்றைக்கே, பட்டதா படவில்லையா என்று சொல்கிற பொறுப்பையும் பிள்ளையிடமிருந்து வாங்கி நடுவரிடம் கொடுத்துவிட்டோம். உண்மை சொல்வது இப்போது ஆட்டக்காரரின் வேலை இல்லை, நடுவரின் வேலை. நடுவர் காணாவிட்டால் அது அவருடைய பிழை. இப்படி ஆறு வருடம் பழகிய ஒரு பிள்ளை 13க்கு 13இல் திடீரென்று வேறு ஆளாக மாறுவாளா?

விசில் இல்லாத புதன்கிழமை

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் விசிலை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினேன். பயிற்சி ஆட்டத்தில் நடுவர் கிடையாது. வலையில் பட்டால் பட்டவர் சொல்லவேண்டும், மறிப்பில் உரசினால் உரசினவர் கையை உயர்த்தவேண்டும். நான் புள்ளி எழுதுவேன், தீர்ப்புச் சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் அந்தப் பந்தைத் திரும்ப ஆடவேண்டும்.

முதல் மூன்று கிழமை படுமோசம். ஒன்றரை மணித்தியாலத்தில் அரைவாசி வாக்குவாதத்தில் போனது. நன்றாகக் கதைக்கக்கூடிய பிள்ளைகளின் பக்கமே புள்ளி போனது. அமைதியான பிள்ளைகள் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்து அழுதார்கள். விசில் ஏன் கண்டுபிடிக்கப்பட்டது என்று அப்போது நன்றாக விளங்கியது. ஒரு தாய் வந்து, மாகாணப் போட்டி கிட்டவருகிறது, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாலாவது கிழமை ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மற்றவர் பட்டது என்று யாரும் சொல்லக்கூடாது, தன்னுடையதை மட்டும் சொல்லலாம். அவ்வளவுதான். வாக்குவாதம் அடியோடு நின்றது, ஏனென்றால் வாதிட ஒன்றும் இல்லை. ஆனால் மைதானம் ஒருவித அமைதியாகிவிட்டது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் எல்லாரும் ஒரு கணம் சும்மா நிற்பார்கள். யாராவது சொல்வார்களா என்று பார்ப்பார்கள். அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு பிள்ளை தன் விரலைப் பார்ப்பாள், சட்டையில் துடைப்பாள், பிறகு மெல்லக் கையைத் தூக்குவாள். சில நாள் தூக்கமாட்டாள். தூக்காதபோதும் நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பயிற்சி.

இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர் என்னோடு நேராகவே சண்டை பிடித்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காகத் தன் காசில் பந்து வாங்குகிறவர். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மாகாணச் சான்றிதழ், தேசிய மட்டச் சான்றிதழ் என்றால் அது சும்மா கடதாசி இல்லை, வேலைக்குப் போகும்போது பேசும், திறமை பெரிதாக இருந்தால் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கே வழி திறக்கும், வீட்டில் உயர்தரம் முடிந்ததும் கலியாணம் பேசத் தயாராக இருக்கும்போது அந்தக் கடதாசி ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் வாங்கிக் கொடுக்கும் என்றார். "உங்கட மனச்சாட்சிக்கு அந்தப் பிள்ளை ஏன் காசு கட்டவேணும்?" இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பெரிய ஆட்டக்காரர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி இதைக் கடக்க முடியாது. 2003 துடுப்பாட்ட உலகக் கிண்ண அரையிறுதியில் அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ற் எங்கள் அணிக்கு எதிராக ஆடும்போது, அரவிந்தவின் பந்து மட்டையில் உரசி சங்கக்காரவிடம் பிடிபட, நடுவர் ஆட்டமிழப்பில்லை என்ற பிறகும் தானாக நடந்து வெளியே போனார். அழகான காட்சி, நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் 22 ஓட்டம் எடுத்துவிட்டிருந்தார், பின்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள், உலகத்திலேயே பலமான அணி அது. அடுத்த ஆட்டத்திலும் அவருக்கு இடம் இருந்தது. 17 வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது செற்றில் 13க்கு 13 என்பது அதுவல்ல.

ஆனாலும் அந்த ஆசிரியரின் கணக்கில் ஒரு பிள்ளை இல்லை. விரலைத் தூக்கிக் காட்டிய அந்த எதிரணிப் பிள்ளை. அவர்கள் வன்னிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. சான்றிதழ் பேசும் என்றால் அவளுக்கும் பேசியிருக்கும். வீட்டில் இரண்டு வருடம் வாங்கிக் கொடுக்கும் என்றால் அவளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கும். எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் நான் அவளிடமிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய பயிற்றுவிப்பாளரை போன வருடம் ஒரு கருத்தரங்கில் கண்டேன். மதிய சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது சொன்னேன்: அண்டைக்கு அது பட்டது சேர், எனக்குத் தெரியும். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை பஸ்ஸிலை வவுனியாவிலை இருந்து ஊர் மட்டும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தவள்" என்றார். "நான்தான் நடுவர் சொன்னால் சரி எண்டு வாயை மூடச் சொன்னன்." அவள் இப்போது விளையாடுவதில்லை. அது அவளுக்கு அந்த வயதுப் பிரிவில் கடைசி வருடம்.

2023இல் சர்வதேச கரப்பந்தாட்டச் சம்மேளனம் தன்னுடைய நேஷன்ஸ் லீக் போட்டிகளில் பச்சை அட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. நடுவர் காணாத உரசலைத் தானாக ஒப்புக்கொள்கிற ஆட்டக்காரருக்கு நடுவர் அந்த அட்டையைக் காட்டுவார். அறிந்தபோது சந்தோசமாகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வீடியோக்களைக் காட்டியும் இருக்கிறேன், உலகத்தின் மேல்மட்டத்திலேயே இப்படிக் கையைத் தூக்குகிறார்கள் என்று அவர்கள் காணட்டும் என்று. ஆனால் அங்கே ஒவ்வொரு பந்துக்கும் கமரா இருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எதிரணி பரிசீலனை கேட்டால் அகப்படும். எங்கள் செம்மண் மைதானத்தில் கமரா இல்லை, அட்டை இல்லை. சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

அவள் என்னைப் பார்த்த காரணம்

7ஆம் இலக்கத்தோடு கதைக்க எனக்கு இன்னும் சில மாதம் எடுத்தது. அவள் உயர்தரப் பரீட்சைக்குப் போகமுன், கடைசிப் பயிற்சி நாள். மற்றப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் போய்விட்டார்கள். நானும் அவளும் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு கம்பத்தில் நின்று முடிச்சை அவிழ்க்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். "அண்டைக்கு வவுனியாவிலை நான் கை காட்டினது பிழை. உன்னட்டை அதைச் சொல்லவேணும் எண்டு கனநாள் நினைச்சன்" என்றேன்.

"தெரியும் ரீச்சர்" என்றாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். பிறகு சொன்னாள். "ஆனா நீங்கள் காட்டாட்டியும் நான் சொல்லியிருப்பனோ தெரியாது. உங்களைப் பாத்ததே, நீங்கள் வேண்டாம் எண்டுவீங்கள் எண்டு தெரிஞ்சுதான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது, நல்லது செய்யப்போன ஒரு பிள்ளையை நான் தடுத்துவிட்டேன் என்று. அவள் கேட்டது அனுமதி என்று நினைத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது, அந்தப் பாரத்தைத் தூக்கி என் கையில் வைக்க ஒரு வழி. அதை நான் வாங்குவேன் என்று அவளுக்கு முன்பே நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும்? யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பந்து கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தெரியாதபோதும் ஆறு பேரும் கையைத் தூக்கி "வெளியே" என்று கத்தவேண்டும் என்று பழக்கியவள் நான். கோட்டு நடுவர் தயங்கினால் அந்தச் சத்தம் உதவும் என்று காரணமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எதிரணியின் பந்து வெளியே போனால் கைதட்டினேன். நேர்மையாகத் தோற்ற நாளில் வாகனத்தில் யாரோடும் கதைக்காமல் முன்சீற்றில் இருந்து வந்தேன். இதெல்லாம் பாடம் என்று எனக்குத்தான் தெரியாமல் இருந்தது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வவுனியாவில் என் கை கீழே அமர்ந்தபோது அவள் புதிதாக எதையும் படிக்கவில்லை.

வலையைச் சுருட்டி அறையில் வைத்துப் பூட்டினோம். நான் மன்னிப்புக் கேட்டது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள், நான் அவளுடைய ரீச்சர்.

இப்போது "வெளியே" என்று கத்துகிற பழக்கத்தை நிறுத்திவிட்டேன். நிறுத்துவது தொடங்குவதைவிடக் கஷ்டம், வாய் தானாகத் திறக்கிறது. தோற்ற நாளில் பிள்ளைகளோடு பின்சீற்றில் இருந்து வருகிறேன். புதன்கிழமைகள் தொடர்கின்றன. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன், இரண்டு பிள்ளைகள் இன்னும் ஒருநாளும் கையைத் தூக்கியதில்லை.

போன மாதம் பக்கத்துப் பாடசாலையோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். வெளியிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். இரண்டாவது செற், 21க்கு 22, நாங்கள் பின்னால். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிற 11ஆம் இலக்கம் மறிக்க எழும்பினாள், பந்து வெளியே போனது, நடுவர் எங்களுக்குப் புள்ளி காட்டினார். அவள் கையைத் தூக்கி "சேர், பட்டது" என்றாள். நடுவருக்கு விளங்கவில்லை, என்ன என்று குனிந்து கேட்டார். அவள் விரலைக் காட்டினாள். அவர் ஒரு கையின் விரல்களை நிமிர்த்தி மற்ற உள்ளங்கையால் உரசிக் காட்டிப் புள்ளியை மாற்றினார். வேலியோரம் நின்ற எங்கள் பக்கத்துப் பெற்றோர் ஒருவர் "என்ன விசர் வேலை" என்றார். பின்வரிசையில் நின்ற எங்கள் பிள்ளை ஒருத்தி அவளைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாள். நான் வாங்கில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழங்காலில் கையை ஊன்றி, அடுத்த பந்துக்காக எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி குனிந்து நின்றாள். என் பக்கம் திரும்பவேயில்லை.